மொய் நோட்டில் இத்தாலிய இலக்கணம்

இலங்கையின் ஹட்டனில் ஞாயிறு மாலைகளில் ஐந்து பேருக்கு இத்தாலிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, முறை வைத்து வடை வாங்கி வருவார்கள். மூவர் இத்தாலியில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக நினைப்பவர்கள். ஒருவர் ஓட்டோ ஓட்டும் தம்பி. இன்னொருவர் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அக்கா. நேப்பிள்ஸில் வளரும் பேரப்பிள்ளைகளோடு பேச வேண்டுமாம்.

இந்த மாதம் எடுத்தது 'யாருக்கு' என்பதற்கு விடையாக வரும் பிரதிப்பெயர்கள். முதல் ஞாயிறு வீண். 'மறைமுகச் செயப்படுபொருள்' என்று கரும்பலகையில் எழுதி அட்டவணை போட்டேன். வெளியே இருந்த பனிமூட்டம் ஐந்து முகங்களிலும் இறங்கியது. தம்பி வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அடுத்த வாரம் பலகையில் ஒரே எழுத்து: கு. எனக்கு, உனக்கு, அவனுக்கு, அவளுக்கு, எங்களுக்கு, உங்களுக்கு. எதிரே மி, தி, ல்யி, லே, ச்சி, வி. நான் ஆங்கில நூல் வழியாகப் படித்தவன். 'மி பியாச்சே இல் தே' என்பதில் தேநீர் எப்படி எழுவாயாகும் என்று மாதக்கணக்கில் குழம்பியவன். அக்காவோ, "எனக்குத் தேநீர் பிடிக்கும், அவ்வளவுதானே? இதில் என்ன கஷ்டம்?" என்றார். பிடித்தவை பலவானால் பியாச்சே 'பியாச்சொனோ' ஆகும் என்பதற்குத்தான் சற்று நேரம் பிடித்தது.

மூன்றாம் வாரம் தம்பி தன் கல்யாண மொய் நோட்டைக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு உறை. கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: 'ல்யி தோ சிங்க்வெச்செந்தோ ரூபியே', அவருக்கு 500 ரூபாய் கொடுக்கிறேன். வாங்குபவர் பெண்ணென்றால் 'லே தோ'. மாற்றிச் சொன்னால் மொய் வேறு வீட்டுக் கணக்கில் ஏறிவிடும். தண்டனை அதுதான், அதற்குமேல் யாரும் தவறவில்லை.

மரியாதைக்குரிய 'உங்களுக்கு' என்பதற்கும் லே தான். 'லே போர்த்தோ இல் தே?', உங்களுக்குத் தேநீர் கொண்டு வரட்டுமா? கிழவரிடமும் இப்படியே கேட்க வேண்டும். "ஆம்பிளையை 'அவளுக்கு' என்பதா!" என்று சிரிப்பு அடங்கவில்லை. நாம் மரியாதைக்கு ஒருவரைப் பலராக்குகிறோம், அவர்கள் பெண்ணாக்குகிறார்கள் என்றேன்.

கு கைவிட்ட இடங்களும் உண்டு. தொலைபேசி எடுப்பது 'அவருக்கு' என்றே வரும், சிக்கலில்லை. உதவுவதில்தான் சறுக்கல். நாம் 'அவருக்கு உதவுகிறேன்' என்போம். இத்தாலியில் 'அவரை உதவுகிறேன்' என்ற அமைப்பு, அதாவது ஆணென்றால் லோ, பெண்ணென்றால் லா. கேட்பது தலைகீழ்: நமக்கு 'அவரிடம்', அவர்களுக்கு 'அவருக்கு'. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் நாள் முழுதும் சொல்லப்போகும் இரண்டு வினைகள் இவை என்பதால், தப்பான தமிழிலேயே பத்துத் தடவை சொல்ல வைத்தேன்: பாட்டியை உதவு, பாட்டிக்குக் கேள். தமிழாசிரியர் எவரும் அந்தப் பக்கம் வரவில்லை, நல்லவேளை.

நேற்று 'ல்யேலோ' தொடங்கினோம்: 'அவருக்கு', 'அதை' இரண்டும் ஒட்டிய ஒரே சொல், ஆணோ பெண்ணோ ஒரே வடிவம். 'ல்யேலோ தோ' என்று மூவர் சொல்லிவிட்டார்கள். தம்பி இன்னும் லோவை விழுங்குகிறார். அக்கா மட்டும் வடைத் தட்டை நோக்கிக் கை நீட்டி, போன வாரம் படித்த 'தம்மி!' என்றார். எனக்குக் கொடு என்று பொருள். கொடுத்தேன்.