மடிப்பு கலையாத கம்பளி

விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்தது. குளிரால் அல்ல, கழுத்தடி வியர்வையால்.

குளிர்காலம்தான் இது.

கால்மாட்டில் கம்பளி கிடக்கிறது. போன மாதம் எடுத்து வைத்தபோது இருந்த மடிப்பு இன்னும் கலையவில்லை. அதைத் தடவியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு குளிர்காலத்தை வைத்துப் பூமி சூடாகிறது என்று முடிவுகட்ட முடியாது. பசிபிக் கடல் சில வருஷங்களில் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தாலும் இப்படி ஆகும். வருஷக்கணக்கான பதிவுதான் பேச வேண்டும்.

ஜப்பானில் சுவா என்று ஓர் ஏரி. அது உறைவதை 1443 முதல் கோயில் பூசாரிகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைக்கிறார்கள். அன்று பெரும்பாலான வருஷங்களில் உறைந்த ஏரி, இன்று பல குளிர்காலங்களில் உறைவதே இல்லை. வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு "இந்த வருஷமும் இல்லை" என்று எழுதும் அந்தக் கையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1958இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தரை விடும் வெப்பத்தில் ஒரு பகுதியை மேலே போகவிடாமல் பிடித்துவைக்கிறது அது. பூமிக்கு நாம் போர்த்திய கம்பளி, வருஷா வருஷம் தடிக்கிறது.

என் கம்பளியை மட்டும் பெட்டிக்குள் வைக்க இன்னும் மனசு வரவில்லை.