மேலுறையைத் தூக்கிப் போடாதீர்கள்: ஒரு தபால் பிரிவு அனுபவம்

குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேருகிற பலருக்கும் முதலில் கிடைப்பது தபால் பிரிவுதான். எனக்கும் அதுவே கிடைத்தது. தென்மாவட்டம் ஒன்றில், ஒரு துறையின் மாவட்ட அலுவலகம். "புதுசா வந்த பிள்ளைதானே, கொஞ்ச நாள் தபாலைப் பார்க்கட்டும்" என்று கண்காணிப்பாளர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலை தெரியாதவருக்கு ஏற்ற சீட் அது என்றுதான் எல்லா அலுவலகத்திலும் நினைக்கிறார்கள். நான் அந்த நினைப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன். அலுவலகத்துக்குள் என்ன வருகிறது, எது வெளியே போகிறது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் தபால் பார்ப்பவர்தான். அலுவலருக்குக்கூட அவ்வளவு தெரியாது.

எனக்கு முன் இருந்தவர் மாறுதல் ஆணை வந்த வேகத்தில் கிளம்பிவிட்டார். பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒரு தாளில் பதிவேடுகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தால் திரும்பி வந்த உறைகள், ரப்பர் பேண்ட் போட்ட ஒப்புகை அட்டைக் கட்டு, எந்தப் பிரிவும் வாங்காமல் விட்ட கடிதங்கள். அதைப் பிறகு பார்ப்போம் என்று மூடி வைத்தேன். தினசரித் தபாலே மூச்சுவிட விடவில்லை.

உறை பிரிப்பதில்கூட ஒரு முறை இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தவர், ஓய்வுபெறும் வயதில் இருந்த அலுவலக உதவியாளர் அண்ணன். "அப்படியே கிழிக்காதீங்க மேடம். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. உள்ள இருக்கிறதை ஒரு ஓரமாத் தட்டிட்டு, எதிர் ஓரத்தைக் கத்தரிங்க" என்றார். கத்தரித்தபின் உறையை வாய் பிளந்து உள்ளே ஒரு தடவை பார்க்க வேண்டும். சின்னச் சின்ன இணைப்புகள் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவோடு பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டாமல் தனியாகப் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அது உறையோடு குப்பைக்குப் போனால், 'கட்டணம் செலுத்தவில்லை' என்று அந்த மனுவைத் திருப்பிவிடுவார்கள். மனுதாரர் பொய் சொல்வதாக நாமும் நினைத்துக்கொள்வோம்.

பிரிக்கக் கூடாத உறைகள் தனி. 'மந்தணம்' (ரகசியம்) என்று எழுதியிருந்தால் அப்படியே அலுவலரிடம். ஒருவர் பெயருக்கு வந்திருந்தால் அவரிடம். ஒப்பந்தப்புள்ளி என்று மேலே எழுதிய உறை நேராகப் பெட்டிக்குள். வரைவோலை, காசோலை வந்தால் தனிப் பதிவேட்டில் எண்ணும் தொகையும் எழுதி, காசாளர் கையெழுத்து வாங்கிய பிறகே கடிதத்தைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

மீதி எல்லாவற்றுக்கும் தேதி முத்திரை. காலையில் வந்ததும் முத்திரையில் தேதியை நகர்த்தி, பழைய தாளில் ஒருமுறை குத்திப் பார்ப்பது முதல் வேலை. வெள்ளிக்கிழமைத் தேதியோடு திங்கட்கிழமைத் தபாலுக்குக் குத்திவிட்டால் எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பது சொன்னால் புரியாது. கடிதத்தில் 'இணைப்பு: 3' என்று போட்டு உள்ளே இரண்டுதான் இருந்தால், அங்கேயே 'இணைப்பு ஒன்று குறைவு' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். போடாவிட்டால் அந்த மூன்றாவது இணைப்பு தபால் பிரிவில்தான் காணாமல் போனது என்று பிற்பாடு முடிவாகிவிடும். எதிர்த்துப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது.

அப்புறம் தபால் கட்டு அலுவலர் மேசைக்குப் போகும். அவர் பார்த்துச் சுருக்கொப்பமிட்டபின் கண்காணிப்பாளர் ஒவ்வொன்றிலும் அது எந்த எழுத்தரின் சீட்டுக்கு உரியது என்று குறிப்பார்: அ1, அ3, ஆ2. அதைப் பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றி, அந்தந்த எழுத்தரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அவர்கள் தங்களுக்கு வரும் கடிதங்களைப் பதியும் தன்பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் என்கிற கோப்பு எண்ணைக் கொடுப்பார்கள். புத்தகத்தில் இவ்வளவுதான். நிஜத்தில் சண்டை முழுக்க இந்தக் கையெழுத்து வாங்குகிற இடத்தில்தான்.

"இது என் சீட் இல்லம்மா, ஆ2-க்குக் கொடு." ஆ2-வில் கேட்டால், "ஓய்வூதியம்னு போட்டிருக்கு பாரு, அ3." அ3 அன்று விடுப்பு. இப்படிச் சுற்றி மாலையில் என் மேசைக்கே திரும்பி வரும். இழுப்பறையில் கிடந்த கடிதங்களில் பாதி இந்த ரகம். நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பணிப் பகிர்வு ஆணையை நகல் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். மறுக்கிறவர் கடிதத்தின் ஓரத்தில் 'இப்பொருள் இப்பிரிவைச் சார்ந்ததன்று' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டால்தான் திருப்பி வாங்குவேன் என்றேன். வாயால் மறுப்பது சுலபம், எழுதி மறுக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வாங்கிக்கொள்வார்கள். உண்மையிலேயே யாருக்கும் சேராதவை கண்காணிப்பாளரிடம் போய் அன்றே முடிவாகிவிடும்.

இன்னொரு தலைவலி முன்நகல். இயக்குநரகத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். அச்செடுத்து, முத்திரை குத்தி, பிரிவுக்குக் கொடுத்துவிடுவோம். நாலு நாள் கழித்து அதே கடிதம் தபாலில் வரும். கவனிக்காமல் அதையும் பதிந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு ந.க. எண், இரண்டு கோப்பு, சில சமயம் இரண்டு விதமான பதில். அனுப்பியவரின் கடித எண்ணைப் பகிர்மானப் பதிவேட்டில் தவறாமல் எழுதி வைத்தால், தபால் பிரதி வரும்போது தேடிப் பிடித்து, 'முன்நகல் இந்தத் தேதியில் பெறப்பட்டது' என்று குறித்து அதே எண்ணில் சேர்த்துவிடலாம். திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் முடிந்து, ஒரே மனு மூன்று அலுவலகம் வழியாக நமக்கு வந்து சேரும்போதும் இதே வழிதான். அங்கே மனுதாரர் பெயரையும் ஊரையும் வைத்துத் தேட வேண்டும்.

அனுப்புகைப் பக்கம் வேறு மாதிரி. உள்ளே வரும் தபாலில் பிறர் செய்த குறையை நாம் கண்டுபிடிக்கிறோம், வெளியே போவதில் நம்மவர்களின் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் நல்ல பெயர் கிடைக்காது. அலுவலர் கையொப்பம் இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா, இணைப்பு என்று சொன்னது பின்னால் இருக்கிறதா, 'நகல்' என்று கீழே போட்ட நாலு பேருக்கும் நாலு பிரதி வந்திருக்கிறதா, பெறுநர் முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறதா. 1972 ஆகஸ்ட் 15-லிருந்து ஆறு இலக்கக் குறியீடு நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்கும் 'வட்டாட்சியர், அவர்கள்' என்று ஊர்ப் பெயரோடு நிறுத்தி அனுப்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அஞ்சல்வில்லைக் கணக்கு பயமுறுத்துகிற மாதிரி இருக்கும், உள்ளே போனால் எளிது. சாதாரணத் தபால் 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5. 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. சின்ன உறையில் மூன்று தாள் வரை 5 ரூபாயில் போகும், நாலாவது தாளுக்குத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். வில்லை குறைவாக ஒட்டினால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். அரசு அலுவலகம் அனுப்பிய கடிதத்துக்கு ஒரு முதியவர் தபால்காரரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அவர் நம்மை என்ன நினைப்பார்? சிக்கனம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் செய்யலாம். சென்னையில் ஒரே இயக்குநரகத்துக்கு அஞ்சு பிரிவுகள் அஞ்சு கடிதம் அனுப்பும். தனித்தனி உறை எதற்கு? அந்த அலுவலகத்துக்கென்று ஒரு தட்டு வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டால் போதும். மாதக் கடைசியில் வில்லைச் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. உள்ளூர் அலுவலகங்களுக்கு அண்ணன் சைக்கிளில் கொண்டுபோவார். உள்ளூர்த் தபால் புத்தகத்தில் வெறும் கிறுக்கல் வாங்கி வராமல், அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். முதலில் அலுத்துக்கொண்டார். "அவங்க சீல் எங்கன்னு தேடவே அரை மணி நேரம் ஆகுது மேடம்." நியாயம்தான், ஆனாலும் வாங்கி வந்தார்.

இப்போது அந்த மேலுறை விஷயத்துக்கு வருகிறேன்.

தகவல் உரிமை மனு, மேல்முறையீடு, நீதிமன்றம் சம்பந்தப்பட்டது, பணியாளர் மீதான நடவடிக்கைக்கு வரும் பதில் ஆகிய நான்கு வகைக்கும் மேலுறையைக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வைப்பது என்று ஆரம்பத்திலேயே வழக்கமாக்கிக்கொண்டேன். கோப்பு தடிக்கிறது என்று பிரிவுகளில் முணுமுணுப்பு இருந்தது. ஒருநாள், 30 நாளில் பதில் தரவில்லை என்று ஒருவர் முதல் மேல்முறையீடு செய்தார். மனுவில் அவர் போட்டிருந்த தேதி மாதத்தின் 2. அங்கிருந்து எண்ணினால் அவர் சொல்வது சரி. மேலுறையில் அஞ்சல் முத்திரை 11, எங்கள் வரவு முத்திரை 13. எழுதி வைத்துவிட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் தபாலில் சேர்த்திருக்கிறார். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 நாள் கணக்கு, மனு நம் கைக்கு வந்ததிலிருந்துதான். விசாரணையில் உறையைக் காட்டியதும் அவரே ஒத்துக்கொண்டார்.

நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவர் பையிலிருந்து எங்கள் அலுவலக உறையை எடுத்தார். வேறொரு மனுவுக்கு எங்கள் பதில். கடிதத்தில் தேதி 28, கெடுவுக்குள்தான். உறையில் அஞ்சல் முத்திரை அடுத்த மாதம் 6, கெடு தாண்டிவிட்டது. "நான் எழுதுன தேதி செல்லாதுன்னா, நீங்க எழுதுன தேதி மட்டும் எப்படிங்க செல்லும்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கடிதம் நான் சேருவதற்கு முந்தையது. 28-ஆம் தேதி ஒப்பமாகி, சுத்த நகல் மேசைக்கும் அனுப்புகைக்கும் நடுவில் எங்கேயோ படுத்திருக்கிறது.

அன்றிலிருந்து, ஒப்பமான கடிதம் எந்தத் தேதியில் என் மேசைக்கு வந்தது என்று அலுவலக நகலின் மூலையில் பென்சிலால் குறிப்பேன். அனுப்பிய தேதியை அதன் கீழே மையால் எழுதிச் சுருக்கொப்பமிட்டு நகலைப் பிரிவுக்குத் திருப்புவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளுக்கு மேல் இருந்தால் பொறுப்பு என்னுடையது. கடிதத் தேதிக்கும் பென்சில் தேதிக்கும் நடுவில் இருந்தால் பிரிவுடையது. பிரிவுகளுக்கு இது பிடிக்கவில்லை, கண்காணிப்பாளருக்குப் பிடித்திருந்தது. கூட்டம் முடிந்த மறுநாள் கூட்ட அறிவிப்பு போய்ச் சேருகிற வழக்கமும் பெரும்பாலும் நின்றது.

பதிவஞ்சல் ரசீதுகளையும் இதே காரணத்துக்காகத்தான் பதிவேட்டிலேயே ஒட்டினேன். 1897-ஆம் ஆண்டுப் பொது வகைமுறைகள் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவஞ்சலில் அனுப்பியதற்குச் சான்று இருந்தால், எதிர்த் தரப்பு மாற்றிக் காட்டாதவரை அது சார்பு செய்யப்பட்டதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ந்ததாகவே, கருதப்படும். ரசீதில் இருக்கும் அந்த நீண்ட எண்தான் சான்று. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்'. 2025-ல் பதிவஞ்சலை விரைவஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பதிவஞ்சல் ரசீதுகளில் எண்கள் 'ஆர்' என்று தொடங்கும். பழைய கோப்புகளில் அவை அப்படியே இருக்கும், கிழித்துவிடக் கூடாது.

இழுப்பறையைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்தேன். ஒப்புகை அட்டைகளை அனுப்புகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அந்தந்தக் கோப்புக்கு அனுப்பினேன். திரும்பி வந்த உறைகளை ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. 'பெற மறுத்தார்' என்று தபால்காரர் எழுதிய உறை, பிரிக்காமல் இருக்கும்வரைதான் சாட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் அதற்கு மதிப்பு போச்சு. 'அப்படி ஒருவர் இல்லை', 'வீடு பூட்டியிருக்கிறது' என்று வந்தவற்றைப் பட்டியல் போட்டுப் பிரிவுகளுக்குக் கொடுத்ததில், தவறான கதவு எண் என்று தெரிந்து மறுபடி அனுப்பப்பட்டவை கணிசம். அதில் ஒன்று குடும்ப ஓய்வூதியம் தொடர்பாக ஆவணம் கேட்ட கடிதம். அந்த அம்மா ஆவணம் தரவில்லை என்றுதான் கோப்பில் அதுவரை எழுதியிருந்தார்கள். அவருக்குக் கடிதமே போய்ச் சேரவில்லை.

இப்போது எங்கள் அலுவலகமும் மின் அலுவலகத்துக்கு மாறிவிட்டது. வரும் தபாலை ஸ்கேன் செய்து ஏற்றினால் எண் தானாக விழுகிறது, யார் மேசையில் எத்தனை நாளாக நிற்கிறது என்பது திரையில் தெரிகிறது. "இது என் சீட் இல்லை" என்று சொல்வதுகூட இப்போது நேரத்தோடு பதிவாகிறது. ஸ்கேன் செய்கிறவர் கடிதத்தை மட்டும் வைக்கிறார். மேலுறையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள் என்று என் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு அ2-வுக்கு வந்தேன். எனக்குப் பின் வந்த தம்பி செய்கிறார், அவசர நாட்களில் விட்டுவிடுகிறார். விட்டால் எழுந்து போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.