நிலைகொள்ளாத ஐடிலிங்: பழைய டர்போ கார் ஒன்றில் காற்றுக் கசிவைத் தேடிப் பிடித்த அனுபவம்

என்னிடம் இருப்பது ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழமையான, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் பொருத்திய செடான். முந்தைய உரிமையாளரின் காலத்திலேயே அதில் டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், மிஞ்சும் காற்றை வெளியே தள்ளும் புளோ-ஆஃப் வால்வு, மாற்றி எழுதப்பட்ட இசியு மேப் (இன்ஜினை இயக்கும் கணினியின் அளவுப் பட்டியல்) ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தன. மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி ஓடும்போது வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. வேகத்தைக் குறைத்துக் கிளட்சை மிதித்ததும்தான் தொல்லை தொடங்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, 800-ஐ ஒட்டி நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 400 வரை சரியும், மீண்டும் எழும், துடிக்கும், சில வேளைகளில் இன்ஜினே அணைந்துவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரம் முழுவதும் ஆக்சிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

'ஸ்லோ ஸ்பீடு (ஐடிலிங்) நிற்கவில்லை' என்று நான் சொன்னதும், கேட்டவர்களிடமிருந்து பிளக்கை மாற்றலாம், காயிலை மாற்றலாம், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், பெட்ரோல் பம்பையும் பார்த்துவிடலாம் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் மாற்றங்கள் செய்யப்பட்ட வண்டியில் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் போட்டுப் பார்ப்பது பணத்தைக் கரைக்கும் வழி என்பது என் கருத்து. ஆகவே ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவுகளை (இசியு தன் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதை) படிக்கும் வரை எதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இந்த வகை இன்ஜினில் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர், உள்ளே போகும் காற்றின் எடையை அளந்து சொல்ல, அதற்கு ஏற்பத்தான் இசியு பெட்ரோலை விடுகிறது. ஐடிலிங்கில் இந்த அளவு நொடிக்கு 2 முதல் 4 கிராம் மட்டுமே. முழு வேகத்தில் அதுவே 100 கிராமைத் தாண்டும். சென்சரைக் கடந்த பிறகு ஏதோ ஓர் ஓட்டை வழியாக நொடிக்கு ஒரு கிராம் காற்று கணக்கில் வராமல் நுழைந்தால், வேகமாக ஓடும்போது அது ஒரு பொருட்டே அல்ல. ஐடிலிங்கில் மட்டும் அது மொத்தக் காற்றில் கால் பங்கையோ அதற்கு மேலோ எட்டிவிடும். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டி கேட்டருகே வந்ததும் அணைவது இதனால்தான்.

ஸ்கேனரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் கோடு பதிவாகியிருந்தது. ஐடிலிங்கில் திருத்தம் 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால் வேகம் கூடக் கூடத் திருத்தமும் கூட வேண்டும். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு என்பதால் பம்பைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. 2500-இல் எஞ்சிய சில விழுக்காட்டுக்கு இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு காரணம். எடையில் பார்த்தால், கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எத்தனால் 20 விழுக்காடு கலந்தால் அது 13.5 அளவுக்கு இறங்குகிறது, அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய மேப் வைத்திருப்பவர்கள் இதைக் கழித்துவிட்டே திருத்த அளவுகளைப் படிக்க வேண்டும்.

ஓட்டையைத் தேடித் தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்குள்ள மெக்கானிக், காசிமேட்டு விசைப்படகுகளின் டீசல் இன்ஜின்களில் வேலை பழகியவர். கார்புரேட்டர் கிளீனரைச் சுற்றிலும் அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கலாமே என்று கேட்டதற்கு, "டர்போ சூடா இருக்கும்போது அதை அடிச்சா தீப்புடிச்சுக்கும் தம்பி, புகை விட்டே பாத்துக்கலாம்" என்றார். சென்சருக்குப் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, இன்ஜின் அணைந்திருக்கும் நிலையில், எண்ணெயைச் சூடாக்கி எழுப்பிய புகையை ஒரு பிஎஸ்ஐக்கு மேற்படாத அழுத்தத்தில் செலுத்தினார். அழுத்தம் கூடினால் ஆயில் சீல்கள் கெடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. சற்று நேரத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியிலிருந்து புகை கிளம்பியது. கிராங்க் கேஸின் (இன்ஜினின் அடியறையின்) எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவரும் பிசிவி ஹோஸ், ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் ஊறி மெத்தென்றாகி, வளைவில் கீழ்ப்பக்கமாக வெடித்திருந்தது. மேலிருந்து எவ்வளவு குனிந்து பார்த்தாலும் அது கண்ணில் படாது.

இரண்டாவது குற்றவாளி புளோ-ஆஃப் வால்வு. அது எழுப்பும் உஸ் என்ற ஓசைக்காகவே பலர் அதைப் போடுகிறார்கள். அந்த ஓசையோடு வெளியேறும் காற்று, சென்சர் ஏற்கெனவே அளந்து கணக்கில் சேர்த்த காற்று. அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போய்விடுவதால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் பெட்ரோல் மிகுந்து, ஆர்பிஎம் சரிந்து இன்ஜின் அணைகிறது. என் வண்டியில் அதன் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஐடிலிங்கில் வால்வின் வாயருகே ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தபோது அது உள்நோக்கி இழுக்கப்பட்டது. மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் வால்வு சற்றே திறந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. காற்றை டர்போவின் முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்பும் டைவர்ட்டர் வால்வை அதன் இடத்தில் பொருத்தினோம். ஓசை போய்விட்டது, எனக்கு அதில் வருத்தமில்லை.

ஹோஸ் வாங்க மண்ணடிக்குப் போனபோது, கடையில் முதலில் எடுத்து நீட்டியது நீல நிற சிலிக்கான் ஹோஸைத்தான். பூஸ்ட் குழாய்க்கு, அதாவது டர்போ அழுத்திய காற்று போகும் குழாய்க்கு, அது நன்றாகப் பொருந்தும். எண்ணெய் ஆவி ஓடும் இடத்தில் சாதாரண சிலிக்கான் நாளடைவில் ஊறி ஊதிப்போகும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸையே கேட்டு வாங்கினேன். வளைவுகளில் நசுங்காதிருக்கச் சுவர் தடித்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். உடன் இருந்த ஒருவழி வால்வையும் மாற்றினோம். இல்லாவிட்டால் பூஸ்ட் அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் திரும்பிப் புதிய ஹோஸையும் பதம் பார்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் லேசான நடுக்கம் எஞ்சியிருந்தது. உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்துவிட்டு, இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், ஸ்கேனர் வழியாக அதற்கு அடாப்டேஷன் (திராட்டிலின் மூடிய நிலையை இசியு புதிதாகக் கற்கும் செயல்) கொடுத்தோம். மின்னணு திராட்டிலில் இதைச் செய்யாவிட்டால் சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் முன்னிலும் மோசமாகலாம். பேட்டரி பலவீனமாக இருந்தால் அடாப்டேஷன் பாதியில் நின்றுவிடும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது, கூடுதல் பூஸ்டைத் தாங்குவதற்காக இடைவெளியை 0.5 மி.மீ. வரை குறுக்கி வைத்திருப்பது தெரிந்தது. பொறி மிகச் சிறியதானால் ஐடிலிங்கின் மெல்லிய கலவை ஒழுங்காகப் பற்றாது. 0.7 மி.மீ. வைத்தோம், நடுக்கம் நின்றது, பூஸ்டிலும் மிஸ்ஃபயர் வரவில்லை.

இப்போது ஐடிலிங்கில் திருத்தம் 5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது, வேகத்திலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஏசி கம்ப்ரசர் சேரும்போது முள் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. இசியு கூடுதல் சுமையை உணர்ந்து திராட்டிலைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது என்பதால் அதைச் சரிசெய்ய நான் முயலவில்லை.