சிவன்மலைக்குப் போகும் இட்டேரி

காங்கேயத்திலிருந்து, முருகன் கோயில் உள்ள சிவன்மலைக்குத் திருப்பூர் சாலையில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். ஆனால் நம் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கு அந்த மலை என்றதும் மனத்தில் வருவது, சாலைக்குத் தென்புறமாகத் தோட்டங்களுக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடுகளுக்கும் நடுவே, இருபுறமும் வேலியோடு வளைந்து செல்லும் மண்பாதையான இட்டேரியும், தை மாத மாலைகளில் அதன் வழியே நாம் நடந்த நடையும்தான். முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, ஆசிரியர்களைப் பற்றியும் விளையாட்டு விழாக்களைப் பற்றியும் எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள், இந்த நடையை எனக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் சொல்வது 1980-களின் நடுப்பகுதியை. அன்று காங்கேயம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் உருவானது. தைப்பூசத் தேர் நிலை சேர்ந்து, திருவிழாக் கடைகளும் கிளம்பிப் போன பிறகு வரும் ஒரு சனிக்கிழமையில் எங்கள் புவியியல் ஆசிரியர் பத்தாம் வகுப்பை நடத்தி அழைத்துச் செல்வார். அந்த நாட்களில் ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில் பொழுது இறங்கிவிடும் என்பதால், வழியில் உட்கார்ந்து எழும் நேரத்தையும் கணக்கிட்டு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அந்த நடையின் அழகுக்கெல்லாம் அடிப்படை கொறங்காடு. மழை குறைந்த மேட்டு நிலத்தை, கொழுக்கட்டைப்புல் வளரும் மேய்ச்சல் காடாக விட்டு, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சுற்றிக் கிளுவை வேலி வைத்து, ஆங்காங்கே வெள்வேல மரங்களை நிழலுக்காகவும் ஆடுமாடுகள் தின்னும் காய்களுக்காகவும் நிறுத்திவைத்திருந்தார்கள் நம் பக்கத்துக் குடியானவர்கள். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் உருப்படிகளை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த காடு அடுத்த மழைக்குத் தானே தளிர்த்துக்கொள்ளும். கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் அதுவே வேர்பிடித்து வேலியாகிவிடுவதால் கம்பிச் செலவும் கல்கால் செலவும் கிடையாது. அந்த வேலியில் கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்திருக்கும். ஓரிடத்தில் குனிந்து பார்த்தபோது, பழுத்துச் சிவந்த கோவைப்பழம் ஒன்றை ஏதோ பறவை பாதி கொத்திவிட்டுப் போயிருக்க, மீதியில் கட்டெறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்ததும், கிளுவை இலையைக் கசக்கிய விரலில் பிசின் வாசம் வெகு நேரம் நின்றதும் இன்னும் நினைவிருக்கின்றன.

காங்கேயம் மாடுகளை நாங்கள் அதுவரை வண்டியிலும் ஏரிலும் மட்டுமே கவனித்திருந்தோம். செவலையாகப் பிறக்கும் கன்று ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதையும், காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்துவருவதையும், அடுத்தடுத்து மேய்ந்துகொண்டிருந்த மூன்று உருப்படிகளைக் காட்டி ஆசிரியர் விளக்கினார். பரம்பரைத் தலைவர்களான பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இந்த இனத்தைப் போற்றி வளர்த்த வரலாற்றையும் நடந்துகொண்டேதான் சொன்னார். வகுப்பறையில் அவர் பேசினால் கடைசி வரிசையில் சலசலப்பு கேட்கும். இட்டேரியில் அவருக்கு முன்னால் போனவர்கள்கூடத் திரும்பி நின்று கேட்டார்கள்.

வழியில் எங்களுக்கு மூன்று இடங்களில் தங்கல். முதலாவது ஒரு தோட்டத்து வீடு. பெரிய பித்தளைப் போவணியில் சின்ன வெங்காயமும் கொத்துமல்லித் தழையும் போட்ட மோரைக் கலக்கி வைத்துக்கொண்டு அந்த வீட்டு ஆத்தா வாசலில் நிற்பார். “ஏனுங்க ஆத்தா, இத்தனை பேருக்கும் உங்களுக்குச் சிரமமில்லீங்களா?” என்று ஆசிரியர் கேட்டால், “கட்டுத்தறியில நாலு மாடு நிக்கறப்ப மோருக்கா பஞ்சமுங்க வாத்தியாரே? வெறும் வயித்தோட மலையேறாதீங்க கண்ணுகளா, ஆளுக்கொரு டம்ளர் குடிச்சுப்போட்டுப் போங்க” என்பார். அவர் காசு வாங்கியதில்லை.

அடுத்தது ஒரு தேங்காய்க் களம். காங்கேயத்தின் எண்ணெய் ஆலைகளுக்குப் போகும் தேங்காய்ப் பருப்பு அங்கேதான் காயும். காரைத் தரை முழுவதும் வெயிலைப் பார்த்து மல்லாந்திருக்கும் வெள்ளைக் கிண்ணங்களை, பொழுது சாயும் முன் பெண்கள் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருப்பார்கள். பாதி காய்ந்த பருப்பில் ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கும். அதை மென்றுகொண்டே நடந்தால் அடிவாரம் வரும்வரை வாயில் இனிப்பு இருக்கும். மூன்றாவது, அடிவாரத்துத் தேநீர்க் கடை. அங்கே டீயைவிட, தை மாதத்தையொட்டிக் கிடைக்கும் வேகவைத்த பனங்கிழங்குக்குத்தான் எங்களுக்குள் போட்டி. தோலை உரித்து, கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் தும்பை உருவி எறிந்துவிட்டு, நாரை விலக்கித் தின்ன வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கான பண்டம் அல்ல அது.

மேலே சுப்பிரமணியரைத் தொழுதுவிட்டு, உத்தரவுப் பெட்டியில் அப்போது என்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்போம். ஆண்டவர் கனவில் உணர்த்தியதாகப் பக்தர் ஒருவர் சொல்லும் பொருளைப் பூப் போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. பிறகு மேற்குப் பார்த்த மதிற்சுவரோரம் வரிசையாக நிற்போம்.

வழி நெடுக எங்கள் இடப்பக்கத்தில் சரிந்துகொண்டே வந்த சூரியன் இப்போது தென்மேற்கில் இருக்கும். தை மாதத்தில் அது இறங்குகிற திசையில்தான், வெகு தொலைவில், பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது என்றும், ஆனி ஆடியில் நம் ஊர்ப் புழுதியைக் கிளப்பும் காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைகிறது என்றும் ஆசிரியர் கையை நீட்டிக் காட்டுவார். கீழே காய்ந்த புல் முதலில் வைக்கோல் நிறத்திலும், பிறகு செம்பு நிறத்திலும் தெரியும். வெள்வேல மரங்களின் நிழல் ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிவரை நீளும். பட்டிக்குத் திரும்பும் செம்மறிகள் கிளப்பிய தூசியில் வெளிச்சம் பட்டு, மந்தை நகர்கிற தடம் மட்டும் பொன்னாக மின்னும். கவுதாரிகள் மாற்றி மாற்றிக் கூவும். சூரியன் முழுவதும் மறைந்த பிறகும் கால் மணி நேரம் எங்களை அங்கேயே நிறுத்திவைப்பார். வானத்தின் சிவப்பு அப்போதுதான் கூடும் என்பது அவர் கண்டது, நாங்களும் கண்டது.

வெளிநாட்டில் எத்தனையோ மலைகளின் மேல் நின்று பொழுது சாய்வதைப் பார்த்திருக்கிறேன். சிவன்மலையில் பார்த்த அந்த விரிவு எங்கும் கிடைக்கவில்லை. கண்ணை மறைக்க எதுவும் இல்லாத தாழ்ந்த புல்வெளியாலும், தள்ளித் தள்ளி நிற்கும் மரங்களாலும் வந்தது அந்த விரிவு. அப்படி நிலம் கிடந்ததற்குக் காரணம் அதில் மாடு மேய்ந்ததுதான். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அதே இட்டேரியில் நடந்தேன். சில காடுகளில் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். சில காடுகளில் மனையிடக் கற்கள் நட்டிருக்கிறார்கள். மாட்டை விற்றவருக்குக் கொறங்காட்டால் வருமானம் இல்லை, வருமானம் இல்லாத காட்டை அவர் எத்தனை நாள் வைத்திருப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த மோர் வீட்டுப் பேரன் உட்பட.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. பொங்கலுக்கு ஊர் வரும் நம்மவர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, தைப்பூசக் கூட்டம் தொடங்கும் முன் ஒரு மாலையில், காரை விட்டுவிட்டு இந்த வழியே நடக்க வேண்டும். மோர் தரும் வீட்டுக்குப் பணம் நீட்டினால் வாங்க மாட்டார்கள். மாட்டுக்கு ஒரு மூட்டை புண்ணாக்கு கொண்டுபோனால் மறுக்க மாட்டார்கள். வருகிறவர்கள் மார்கழி முடிவதற்குள் பெயர் கொடுத்துவிட்டால், எத்தனை பேருக்கு மோர் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவைக்கலாம்.