மருந்து பட்ட உடம்பு தேறும் காலம்

காலபோக நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த அண்ணா வரம்பிலேயே சரிந்துவிட்டார். தெளிகருவி ஒழுகி, முதுகுச் சட்டை முழுவதும் ஊறியிருந்தது. வாயில் நுரை, கொட்டும் வியர்வை. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தது. தொடைத் தசைகள் தோலுக்கடியில் துடித்தன. சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிளிநொச்சிக்குக் கொண்டு ஓடினோம். மருந்துப் போத்தலையும் எடுத்துச் சென்றது நல்லதாயிற்று. வைத்தியர் முதலில் கேட்டது அதைத்தான்.

நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கடத்துவது அசற்றைல்கோலின் என்ற பொருள். வேலை முடிந்ததும் அதை உடைத்து அகற்ற ஒரு நொதியம் இருக்கிறது. மூளையிலும் அதற்கு இதே வேலைதான். அண்ணா அடித்த மருந்திலிருந்த ஓகனோபொஸ்பேற்று நஞ்சு அந்த நொதியத்தில் ஒட்டி அதை முடக்கிவிடுகிறது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நஞ்சு செய்ததும் இதையே. முதல் நரம்பு நஞ்சான தாபுன்கூட, 1936இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய ஆய்வில்தான் அகப்பட்டது. நம் வயலுக்கு வரும் போத்தலுக்கும் போர்க்கள நஞ்சுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு என்று அன்றுதான் அறிந்தேன்.

அற்றோபின் என்ற மாற்று மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். தாதி அடிக்கடி அண்ணாவின் அக்குளைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்து, நெஞ்சிரைச்சலும் அடங்கினால்தான் அளவு போதுமாம். அளவு மிஞ்சியபோது அண்ணா பிதற்றினார், படுக்கை விரிப்பைப் பிய்த்தார், உடனே குறைத்தார்கள். அற்றோபின் அறிகுறிகளைத்தான் அடக்கும். நொதியத்தை விடுவிக்கக் கொடுக்கும் பிராலிடொக்சிமும் நேரத்தோடு போனால்தான் பயன். மூளைக்குள் அது சிறிதளவே நுழையும்.

தேறிவிட்டார் என்று அம்மா நேர்த்தி வைக்கப் புறப்பட்ட வேளையில், அண்ணாவால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. நஞ்சு பட்டு ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் இப்படிக் கழுத்துத் தசை தளர்ந்தால், அடுத்து மூச்சுத் தசையும் தளரக்கூடும். அதைக் கண்டவுடனே சுவாசக்கருவி பொருத்தியதால்தான் அண்ணா இன்று எங்களோடு இருக்கிறார்.

வீடு வந்த பின்பும் தூக்கமில்லை, மறதி, எரிச்சல். அதே நொதியம் இரத்தத்தின் செங்குழியத்திலும் உண்டு; ஆனால் செங்குழியத்தால் அதைப் புதிதாகச் செய்ய முடியாது. பழைய செங்குழியங்கள் போய்ப் புதியவை வரவேண்டும்; அதற்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். மூளை தானே புதிதாகச் செய்துகொள்ளும், ஆனால் அதுவும் ஓரிரு நாள் காரியமல்ல. இடையில் சிறிதளவு மருந்து பட்டாலும் உடம்பு தாங்காது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். சிறுபோகத்துக்கு இறங்கத் துடித்த அண்ணாவை அண்ணி விடவில்லை. அயல் வயலில் மருந்து அடித்த நாட்களில் அவரைத் தன் தாய்வீட்டுக்கே அழைத்துச் சென்றுவிட்டார்.