லாகோஸ் போனால் ஒனிக்கானைத் தவறவிடாதீர்கள்

நைஜீரியக் கலை என்றாலே பேச்சு நேராகப் பெனின் வெண்கலங்களுக்குத்தான், அதாவது இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் உலோகச் சிற்பங்களுக்குத்தான், போகிறது. 1897-ல் ஆங்கிலேயப் படை அள்ளிக்கொண்டு போனவை அவை, திரும்பி வந்தே ஆகவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் நாட்டுக்குள்ளேயே, லாகோஸின் ஒனிக்கான் பகுதியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அங்கே நான் நகர மனமில்லாமல் நின்றது, தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ-உக்வு என்ற ஊரில் கிடைத்த பானைக்கு முன்னால். உயரம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பீடத்தின்மேல் ஒரு பானை, அதைச் சுற்றிக் கயிற்று வலை. கயிற்றின் முறுக்கு, முடிச்சு எல்லாம் அப்படியே தெரிகிறது, விரலால் நெம்பினால் அவிழ்ந்துவிடும் போல இருக்கிறது, ஆனால் அத்தனையும் வெண்கலம்! 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். அதாவது ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கரையை எட்டிப் பார்ப்பதற்குச் சுமார் ஐந்நூறு வருஷம் முன்பே. 1930-களின் கடைசியில் இக்போ-உக்வுவில் இசையா அனோசி என்பவர் தன் வீட்டு வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருட்கள் அகப்பட்டன. அப்புறம் 1959-ல் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா அங்கே முறையாக அகழாய்வைத் தொடங்கினார். அந்த ஊரில் கிடைத்த மணிகள் மட்டுமே ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதையெல்லாம் செய்தவர்களும் பயன்படுத்தியவர்களும் எப்படிப்பட்ட செழிப்பில் இருந்திருக்க வேண்டும்!

இவை நாட்டில் தங்கியதற்குக் கென்னத் மரே என்ற ஆங்கிலேயருக்கும் நன்றி சொல்லவேண்டும். 1927-ல் ஓவிய ஆசிரியராக வந்தவர், பழம்பொருட்கள் வெளியே போவதைத் தடுக்கவேண்டும் என்று விடாமல் போராடினார். சுதந்திரத்துக்கு மூன்று வருஷம் முன்னால், 1957-ல், இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டதில் அவர் பங்கு பெரியது.

இன்னொன்று, ஒரு கறுப்பு மெர்சிடிஸ் கார். 1976 பிப்ரவரி 13 அன்று ஆட்சித் தலைவர் முர்த்தலா முகமது அலுவலகம் போகும் வழியில், லாகோஸ் நெரிசலில் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தக் காரில்தான். குண்டு துளைத்த ஓட்டைகளை மூடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். லாகோஸ் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான், வந்து இறங்குகிற எல்லாரும் அந்தப் பெயரைக் கடந்துதான் ஊருக்குள் வருகிறோம்.

பக்கத்திலேயே பழைய சிறைச்சாலையைப் பூங்காவாக்கிய ஃப்ரீடம் பார்க் இருக்கிறது, அதையும் அன்றே பார்த்துவிடலாம். ஆனால் அருங்காட்சியகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், இக்போ-உக்வு பொருட்களை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள்.