வேனுக்குள் டிரையர்: பதினாலு தடவை ஓட்டிய பிறகு

பழைய ட்ராவலர் வேனை வீடாக மாற்றும் வேலை எட்டாவது மாசமாக ஓடுகிறது. காரைக்குடி வெயிலில் கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் அப்பளமாகிவிடும், இதில் டிரையர் எதுக்குடா என்று அப்பத்தா கேட்டது நியாயம்தான். ஆனால் ஐப்பசி மழையில் கொடைக்கானல் போய், நாலு நாள் ஊறின துணி நாற்றத்தோடு ஊர் திரும்பியவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். துவைப்பதும் உலர்த்துவதும் சேர்ந்த ஒரு ஃப்ரண்ட் லோட் மெஷினைப் பொருத்தி, வீட்டு வாசலில் நிறுத்தியே இதுவரை 14 தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று.

முதலில் பயந்தது கரண்டுக்கு. உலர்த்தும் ஹீட்டர் 2000 வாட். வீட்டு 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அதையே 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் போட்டு இழுத்தால் 167 ஆம்பியர், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 180 பக்கம் போகும். அவ்வளவு கரண்டு ஓடுகிற இடத்தில் வயர் முனையை முறுக்கிப் பிடிக்கிற ஒரு லக் கொஞ்சம் லூஸாக இருந்தால் அதுவே அடுப்பு, வேனோ குலுங்கிக் குலுங்கி நட்டைக் கழற்றுகிற வண்டி. அதனால் பேட்டரியில் உலர்த்துவது கிடையாது, வெளிக்கரண்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் மட்டும். எக்ஸ்டென்ஷன் வயரை உருளையில் சுற்றினபடியே வைத்து ஓட்டியபோது உள்சுற்றில் கை வைக்க முடியவில்லை. முழுசாக அவிழ்த்துத் தரையில் போட்டதும் சூடு அடங்கியது.

ஒன்பதாவது தடவை, உலர்த்தும்போது பாதியில் ஹீட்டர் செத்துவிட்டது. வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "தம்பி, சூட்டுல போற கட்-ஆஃப் போயிருச்சு, டைரக்ட் பண்ணி விட்டுர்றேன், இனிமே நிக்காது" என்றார். "அண்ணே, அது நிக்கணும்னுதாண்ணே வச்சிருக்கான்" என்று சொல்லி மேல்மூடியைக் கழற்றச் சொன்னேன். ஹீட்டர் இருக்கிற காற்றுக்குழாயிலும் ஃபேன் இறக்கையிலும் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி துணிப்பஞ்சு, அதோடு ரோட்டுச் செம்மண். என் மெஷினுக்குத் தனி பஞ்சு வடிகட்டி கிடையாது, கொஞ்சம் கீழே பம்ப் ஃபில்டருக்குப் போகும், மிச்சம் இப்படி உள்ளேயே தங்கும். ஒரு சிட்டிகை எடுத்து வாசலில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். விளக்குத் திரிக்குக்கூட அவ்வளவு அவசரம் இல்லை. கட்-ஆஃப் போனது கோளாறே இல்லை, மூச்சடைத்த மெஷினை அது காப்பாற்றியிருக்கிறது. அதே மாதிரி புதுசு மாட்டினோம். இப்போது ஓட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் கதவு ரப்பரையும் ஃபில்டரையும் துடைக்கிறேன், அஞ்சு தடவைக்கு ஒருமுறை மூடியைத் திறக்கிறேன்.

இதைவிடப் பெரிய பாடம் சமையல்கட்டுத் துண்டில் வந்தது. வீட்டில் விசேஷம், சீயமும் தேன்குழலும் சுட்ட நாள், கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் குடித்த துண்டுகளைச் சேர்த்துப் போட்டேன். பச்சைத் தண்ணீர் துவைப்பில் எண்ணெய் போகவே இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று உலர்த்துவதைப் பாதியில் நிறுத்தி, சூடாகவே உருவி ஒரு கூடையில் அமுக்கி வைத்துவிட்டேன். முக்கால் மணி கழித்து வந்தால் காறல் நெடி. மேல் துண்டு ஆறியிருக்கிறது, நடுவில் கைவிட்டால் சுடுகிறது! இந்த எண்ணெய்கள் காற்றோடு சேரும்போது தானாகவே சூடு உண்டாக்கும்; விரித்துப் போட்டால் அது பறந்துவிடும், குவித்து வைத்தால் உள்ளேயே ஏறிக்கொண்டே போய்த் தானே பற்றிக்கொள்ளவும் செய்யும். உலர்த்தி முடிக்கையில் துணிச் சூட்டைத் தணிக்க மெஷின் குளிர்காற்று விடுகிற அந்தப் பத்து நிமிஷத்தை நான் வீண் என்று நினைத்திருந்தேன். எண்ணெய்த் துண்டுக்கு இனி கொடிதான், டிரையர் இல்லை.

அப்புறம் இடம். லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டில் ஒரு அடுக்குமாடியில் பிடித்த தீ டிரையரில் தொடங்கியதுதான். அங்கே மாடிப்படி இருந்தது. என் வேனில் படுக்கை பின்னால், கதவு முன்னால், நடுவில் மெஷின். இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக்கதவும் வைத்துக் கட்டினவர்களுக்குப் பேரனாக இருந்துகொண்டு, நான் ஒரே கதவை நம்பிப் படுத்திருந்திருக்கிறேன். பின்கதவை உள்ளிருந்து திறக்கிற மாதிரி கைப்பிடி மாற்றினேன். தீயணைக்கிற 2 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டரை மெஷின் தலைக்கு மேலிருந்து எடுத்து முன்வாசல் பக்கம் மாட்டினேன், எரிகிற மெஷினைத் தாண்டிக் கை நீட்டி எடுக்கிற இடத்தில் வைத்து என்ன பிரயோஜனம். புகை வந்தால் மெயினை அணைப்பது, மெஷின் கதவைத் திறக்காமல் இருப்பது, எல்லோரும் இறங்குவது, இவ்வளவுதான் திட்டம். தூங்கும்போதும் வண்டி ஓடும்போதும் உலர்த்துவது இல்லை. மெஷின் ஓடும்போது சமையல் கேஸ் வால்வு மூடியிருக்கும். கேஸ் சென்சார் தரையோரம், ஏனென்றால் கேஸ் கீழேதான் படியும். புகை அலாரம் கூரையில். வத்தல் கிள்ளித் தாளித்தால் போதும், அது ஊரைக் கூட்டுகிறது, இடம் மாற்ற வேண்டும்.

போன ஞாயிறு எல்லோரையும் படுக்கவைத்துப் பின்கதவு வழியாக இறங்கிப் பார்த்தோம். நாங்கள் மூன்று பேர் பதினைந்து விநாடியில் வெளியே. அப்பத்தா விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உசரத்துக்கு நான் எரிஞ்சே போயிர்றேன்" என்றார். மடக்குப் படிக்கு லேத்தில் அளவு கொடுத்திருக்கிறேன்.